சட்டையில் குத்திய மைக்

எனக்குத் தொண்டை சீக்கிரம் கட்டிக்கொள்ளும். அதனால் தேவையில்லாமல் பேசுகிற பழக்கம் இல்லை. கல்லூரியில் வேதியியல் நடத்துகிறேன். பாதிப் பிள்ளைகள் ஆய்வுக்கூடத்தில் என் எதிரே நிற்பார்கள், மீதிப் பேர் வீட்டிலிருந்தபடி கணினித் திரையில் தெரிவார்கள். ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

வீட்டில் இருப்பவர்களுக்கு என் குரல் கேட்க, சட்டையில் ஒரு சின்ன மைக்கைக் குத்திக்கொள்ள வேண்டும். அதை அடிக்கடி மறந்துவிடுவேன். ஆரம்பத்தில் நிஜமாகவே மறந்தேன்.

திரையில் வருபவர்களில் ஒருத்தி கைக்குழந்தைக்காரி. பிரசவத்துக்குப் பிறகும் படிப்பை விடாதவள், கெட்டிக்காரி. நான் எதிரில் நிற்பவர்களுக்கு மட்டும் பாடம் எடுக்கிறேன் என்று முதல்வரிடம் சொல்லிவிட்டாள். அவர் கூப்பிட்டு, பியூனை வைத்துக்கொண்டே, "வீட்ல இருந்து படிக்கிறவங்களும் நம்ம பிள்ளைங்கதான் சார். இனிமே மைக் போட்டுப் பேசுங்க" என்றார். அவமானமாக இருந்தது. அதை மறைக்க மாட்டேன்.

செய்முறை வகுப்புக்காக வீட்டிலிருந்து படிப்பவர்களுக்குக் கல்லூரியே ஒரு பெட்டி அனுப்பும். அதிலிருந்த இரண்டு குப்பிகளைச் சேர்த்தால் வாயு கிளம்பும். காற்றோட்டமாக, துளித்துளியாகச் செய்தால் ஒன்றும் ஆகாது. வீட்டிலிருந்து படிக்கும் மற்றவர்கள் முடித்துவிட்டார்கள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று இவள் மட்டும் பாக்கி.

அன்றைக்குத் திரையில் அவள் மட்டும்தான். குழந்தை அழுதது. மைக்கில் கனிவாகத்தான் சொன்னேன்.

"சத்தம் வருதும்மா. கதவு ஜன்னலெல்லாம் சாத்திக்கோங்க."

"சரி சார். குழந்தையை அத்தைகிட்ட குடுத்துட்டு வர்றேன்."

சாத்திவிட்டு வந்து உட்கார்ந்தாள். நான் மைக்கை அணைத்தேன். எதிரில் நின்றவர்களிடம், "ஜன்னலைத் திறந்து வைங்க. சொட்டுச் சொட்டாத்தான் விடணும்" என்றேன். அவள், 'சார், கேக்கலை' என்று எழுதி அனுப்பினாள். மைக்கைப் போட்டேன்.

"ஒண்ணும் விட்டுப்போகலம்மா. மொத்தத்தையும் ஊத்துங்க."

ஊற்றினாள். இருமினாள். துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தாள், கதவு வரை போகவில்லை. பிள்ளைகளின் கவனம் சிதறக் கூடாது என்று கணினியை என் பக்கம் திருப்பி, ஒலியைக் குறைத்தேன். மாமியார் கதவைத் தட்டுவது லேசாகக் கேட்டது. பாடத்தை நிறுத்தவில்லை. எதிரில் வந்து நிற்கிறவர்களுக்கும் ஒரு நியாயம் வேண்டாமா?

லேசாகத் தலைசுற்றும், அதோடு புத்தி வந்து நேரில் வருவாள் என்று நினைத்ததாக முதல் வாக்குமூலத்தில் உங்களிடம் சொன்னேன். அது பொய். மூடிய அறையில் அது என்ன செய்யும் என்று கற்றுக்கொடுப்பதுதானே என் பிழைப்பு. தெரிந்துதான் செய்தேன்.

வகுப்பு முடிந்ததும் அவளுக்கு முழு மதிப்பெண் போட்டேன். சொன்னதைச் சொன்னபடி செய்தாள். வீட்டிலிருந்து படிக்கிறவர்களிடம் நான் ஓரவஞ்சனை காட்டுகிறேன் என்று இனி யாரும் சொல்ல முடியாது.