ரோந்தினே கண்ணாடியின் மெய்வரலாறு

2018ஆம் ஆண்டு பிப்ரவரி மூன்றாம் நாள், சனிக்கிழமை, வால்தெரா ஊராட்சி மன்றத்தில் எனக்கு ஓர் அநீதி இழைக்கப்பட்டது. எங்கள் ஊர் மூக்குக்கண்ணாடி அருங்காட்சியகத்தின் சுவரில் பொறிக்கப்படவிருந்த வரலாற்றுக் குறிப்பை எழுதும் பொறுப்பு, வாழ்நாளெல்லாம் மொழி கற்பித்து ஓய்வுபெற்ற எனக்கு வழங்கப்படவில்லை. எழுவாயை ஒருமையில் தொடங்கிப் பயனிலையைப் பன்மையில் முடிக்கும் ஒஸ்வால்தோ பினாட்ஸாவுக்கு வழங்கப்பட்டது.

இதுவரை என்னை எவரும் விசாரிக்கவில்லை. விசாரிக்க வேண்டும் என்று எவருக்கும் தோன்றவும் இல்லை. ஆயினும் செய்தவன் பெயர் இல்லாமல் ஒரு செயல் ஊரில் உலவுவது, கையொப்பமில்லாத விடைத்தாளைப் போன்றது. அதனை என்னால் சகிக்க இயலாது. ஆகவே எழுதுகிறேன். என் பெயர் ஜெர்வாஸியோ லாரேஸே.

காதோரே மலைப்பள்ளத்தாக்கில் பிறந்தவர்களுக்கு மூக்குக்கண்ணாடியே உழவும் தொழிலும். எங்கள் வீடுகளில் நிலவறை என்றால் அங்கே திராட்சை மது இருக்காது. லென்ஸ் தேய்க்கும் சக்கரம் இருக்கும். நானும் மாணவப் பருவத்தின் கோடை விடுமுறைகளில் ஒஸ்வால்தோவின் தந்தை பெப்பியின் பட்டறையில் லென்ஸ் தேய்த்தவன்தான். ‘ரோந்தினே’ என்னும் ஃபிரேம் அங்கேதான் பிறந்தது. ரோந்தினே என்றால் தகைவிலான் குருவி. இரு ஓரங்களும் சிறகைப் போல மேல்நோக்கி எழுந்திருப்பதால் அப்பெயர். மிலான் நகரத்து ஆடை நிறுவனம் ஒன்று அதனைத் தன் பெயரில் விற்றது. நடிகைகள் அணிந்தனர். பத்திரிகை அட்டைகளில் வந்தது. வால்தெராவின் ஓட்டு வீடுகளுக்கு மாடி எழுந்ததும் அதனால்தான்.

அந்த நிறுவனம் ரோந்தினேயை மீண்டும் வெளியிடத் தீர்மானித்தது. பழம்பெருமை இருந்தால் கண்ணாடி நன்றாக விற்குமாம். எனவே எங்கள் அருங்காட்சியகத்தைப் புதுப்பித்துத் தந்து, சுவரில் அதன் பிறப்பு வரலாற்றைப் பொறிக்கச் சொன்னது. ஒஸ்வால்தோ எழுதினார். அவருடைய தந்தை பெப்பி ஒரு விடியற்காலையில் பட்டறைச் சன்னலில் வந்தமர்ந்த குருவியைக் கண்டார்களாம். உடனே பென்சிலை எடுத்தார்களாம்.

நான் அன்று பட்டறையில் இருந்தேன். 1961ஆம் ஆண்டுக் கோடை. குருவி வரவில்லை. தபால்காரர் வந்தார். பெப்பி வாசலில் நின்று அவரோடு சண்டை பிடித்துக்கொண்டிருந்த நேரத்தில், சூட்டடுப்பில் இருந்த ஃபிரேம்கள் அளவுக்கு மீறிக் காய்ந்து, ஓரங்கள் தாமாகவே மேலே மடங்கிவிட்டன. கழிவுக் கூடையில் கொட்டப்பட்ட அவற்றிலிருந்து ஒன்றை, மறுநாள் அந்த நிறுவனத்திலிருந்து வந்த மிலான் சீமாட்டி எடுத்து அணிந்து பார்த்தார். வரலாறு அவ்வளவே.

இதனை ஒஸ்வால்தோவிடம் முறையாக எடுத்துரைத்தேன். ஞாயிறு பூசை முடிந்து, நொரீனாவின் மதுக்கடையில் நாங்கள் சீட்டு ஆடும் மேசையில் வைத்துத்தான் சொன்னேன்.

“வாத்தியாரே, அந்தச் சிவப்புப் பேனாவ மடிச்சுப் பையில வைங்க,” என்றார் அவர். “எங்கப்பன் குருவியப் பாத்தாரு. நீங்க பாக்கல. அவ்வளவுதான்.”

“நான் அங்கதான்டா இருந்தேன், ஒஸ்வால்தோ. அடுப்புல கருகுன வாசன இன்னும் என் மூக்குல இருக்கு.”

“மூக்குல இருந்தா சிந்துங்க. சீட்டப் போடுங்க, உங்க முறை.”

மேசையில் இருந்தவர்கள் சிரித்தனர். நொரீனாவும் சிரித்தார். அவர் என்னிடம் பயின்றவர். கூட்டல் கணக்கை இன்றுவரை விரல்விட்டுத்தான் செய்கிறார்.

எங்கள் ஊரில் ஒரு மரியாதை உண்டு. நண்பர்கள் சந்தித்து அமர்ந்ததும், ஒருவர் மற்றவரின் கண்ணாடியைக் கழற்றி வாங்கி, தண்டுகளின் திருகை இறுக்கி, துடைத்துத் திருப்பித் தருவர். ஆண்கள் அனைவரின் சாவிக்கொத்திலும் அதற்கென ஒரு சின்னஞ்சிறு திருப்புளி தொங்கும். மறுப்பது அவமதிப்பு. கைகுலுக்க நீட்டிய கையைத் தட்டிவிடுவதற்கு ஒப்பானது.

ஒஸ்வால்தோ அணிந்திருந்தது அவருடைய தந்தை செய்த ரோந்தினே. லென்ஸை அவரே தேய்த்துப் பொருத்தியிருந்தார். அதே காலத்து ரோந்தினேக்கள் என் பெட்டியிலும் சில இருந்தன. என் நிலவறையிலும் சக்கரம் இருந்தது. நான் ஒரு ஃபிரேமை எடுத்து, அவருடைய லென்ஸைவிடச் சற்றே பவர் குறைந்த லென்ஸைப் பொருத்தினேன். அவருக்கு யோசிக்கும்போது வலத் தண்டின் நுனியைக் கடிக்கும் பழக்கம் உண்டு. ஆதலால் அந்த நுனியை நானும் கடித்தேன். என் பற்கள் கட்டுப்பற்கள். மெய்யான கடித்தடம் பதியச் சற்றுச் சிரமப்பட வேண்டியிருந்தது. கவனமின்றிச் செய்யும் பணி எனக்கு எப்போதும் பிடிக்காது.

அடுத்த ஞாயிறு, மேசைத்துணியின் கீழ் திருகை இறுக்கிக்கொண்டே ஒன்றை வைத்து மற்றொன்றை எடுத்தேன். அவர் நன்றி கூறி அணிந்துகொண்டார். சில வாரங்களுக்குப் பிறகு அதனை வாங்கி, இன்னும் சற்றுக் குறைந்ததைக் கொடுத்தேன். அவருடைய கண்களை நான் தொடவே இல்லை என்பதை இங்கே அழுத்திக் கூற விரும்புகிறேன். அவை இன்றும் நலமாகவே இருக்கின்றன.

வசந்தம் வந்தபோது ஒஸ்வால்தோ, சீட்டாட்டத்தில் வாள் படம் போட்ட சீட்டைக் கோப்பைச் சீட்டென்று எண்ணிப் போட்டார். பின்னர் கோவில் வாசலில் பாதிரியாரின் மிதிவண்டிக்கு வணக்கம் சொன்னார். துணிக்கடைச் சன்னலில் நிற்கும் பொம்மையிடம், “என்னம்மா, வெயில்ல நிக்கிற,” என்று கேட்டதாக நொரீனா சொன்னார். ஊர் சிரித்தது. நான் சிரிக்கவில்லை. பிறர் குறையைக் கண்டு சிரிப்பது பண்பன்று.

“அண்ணே, கண்ணாடிய மாத்தித்தான் பாரேன்,” என்றார் நொரீனா ஒருநாள். “இந்தா, என்னோடதப் போட்டுப் பாரு.”

ஒஸ்வால்தோவின் முகம் சிவந்துவிட்டது. “அடுத்தவ பல்செட்ட வாங்கி மாட்டிக்குவியா நீ? இது எங்கப்பன் செஞ்ச ஃபிரேம்டி. லென்ஸு நான் தேச்சது. கண்ணு தப்புப் பண்ணும், கண்ணாடி பண்ணாது.”

மேசையில் இருந்த அனைவரும் தலையசைத்தனர். இதனை நான் முன்பே கணக்கிட்டிருந்தேன். வேறு எந்த ஊராக இருந்தாலும், பார்வை மங்கியவன் முதலில் சந்தேகிப்பது கண்ணாடியை. வால்தெராக்காரன் அதனைச் செய்யமாட்டான். அவனுக்குக் கண் கடவுள் கொடுத்தது. கண்ணாடி அவன் குடும்பம் செய்தது. எதில் பிழை இருக்கும் என்பதில் அவனுக்கு ஐயமே எழாது.

“அப்ப பெல்லூனோ ஆஸ்பத்திரிக்காவது போ,” என்றார் நொரீனா.

“போனா என்ன பண்ணுவான்? எனக்கே கண்ணாடி விப்பான்.” பிறகு குரலைத் தாழ்த்திச் சொன்னார்: “அப்பாவுக்கும் இந்த வயசுலதான் போச்சு. எனக்குத் தெரியும். விடு.”

பெப்பி முதுமையில் பார்வையிழந்தார் என்பது உண்மை. அதனையும் நான் கணக்கில் கொண்டிருந்தேன்.

ஜூன் மாதத்தில் ஒஸ்வால்தோ தம் மூன்றுசக்கர வண்டியை விற்றார். அதே வாரம், சுவரைத் தொட்டுத் தொட்டு நடந்து என் வீட்டுக்கு வந்தார். கையில் அவர் எழுதிய தாள்கள் இருந்தன.

“வாத்தியாரே, எனக்கு எழுத்து எறும்பு மாதிரி ஓடுது. நீங்களே முடிச்சுக் குடுங்க. மன்றத்துல சொல்லிட்டேன்.”

“பிழை எல்லாத்தையும் திருத்துவேன்,” என்றேன்.

“திருத்துங்க. உங்க பொழப்பே அதுதான. ஆனா குருவிய மட்டும் எடுத்துடாதீங்க.” அவர் நாற்காலியைத் தேடித் தடவினார், நான் அதனை அவர் கைக்கு எட்டும்படி நகர்த்தினேன். “அப்பாவுக்குக் கண்ணு போன பெறகு, சன்னல் பக்கம் உக்காந்து அதையேதான் சொல்லிக்கிட்டிருப்பாரு. அவரு கடைசியாத் தெளிவாப் பாத்தது அதுதானோ என்னமோ. சுவத்துல அது இருக்கணும். வேற ஒண்ணும் எனக்கு வேண்டாம்.”

அவருக்குப் பீட்ரூட் கொழுக்கட்டையும் சிறிது கிராப்பா மதுவும் கொடுத்து, கைபிடித்து வீடுவரை கொண்டுபோய் விட்டேன். இதனையும் குறித்துக்கொள்ளுங்கள்.

எழுதும் உரிமை கைக்கு வந்துவிட்டது. அவருடைய பழைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுத்துவிடலாம் என்றே எண்ணியிருந்தேன். அதனைப் பஞ்சில் பொதிந்து பத்திரமாக வைத்திருந்தேன். முதலில் சூட்டடுப்பின் உண்மையை, ஓர் அடைமொழியும் மிகாமல் எழுதி, மிலானிலிருந்து வந்த பெண்ணிடம் கொடுத்தேன். லுதோவீகா என்பது அவர் பெயர். நிறுவனத்தின் பழம்பெருமைப் பிரிவுக்குத் தலைவர். வயது முப்பதைத் தாண்டாது. பவரே இல்லாத வெறுங்கண்ணாடியை அணிந்திருந்தார். வால்தெராவின் தெருக்களில் அப்படி ஒருவர் நடமாடியதை நான் அதற்குமுன் கண்டதில்லை.

அவர் படித்துவிட்டுத் தாளை மடித்தார். “சார், அடுப்ப மறந்துட்டாங்கன்னு எழுதுனா யாரு சார் வாங்குவாங்க?”

“இது உண்மை, அம்மா.”

“உண்மையாவே இருக்கட்டும் சார். அதுக்காகக் கருகுனதுன்னா சொல்லுவாங்க? குருவியும் பழசு, இப்ப எல்லாருமே பறவைதான் போடுறாங்க. மனுஷங்க வேணும். ஒரு முகம். அத நெனச்சு வரைஞ்சாருன்னு ஒண்ணு இருந்தாக் குடுங்க. இல்லன்னா நாங்களே ஏதாவது எழுதிக்கறோம்.”

அவர்களே எழுதிக்கொள்வார்கள் என்றால் எப்படி எழுதுவார்கள் என்பது எனக்குத் தெரியும். அவர்களுடைய விளம்பரங்களை வாசித்திருக்கிறேன். எச்சம் எதுவும் முற்றுப்பெறுவதில்லை. ஆகவே, அவர் கேட்டவாறே ஒரு முகத்தை எழுதிக் கொடுத்தேன். மொழியைக் காப்பாற்ற வேறு வழியில்லை.

அதன்பிறகு பழைய கண்ணாடியைத் திருப்பிக் கொடுப்பது இயலாததாகிவிட்டது. கண் தெரிந்தால் ஒஸ்வால்தோ சுவரை வாசித்துவிடுவார். எனவே அருங்காட்சியகத் திறப்பு விழாவுக்கு முந்தைய ஞாயிறு, பவரே இல்லாத கண்ணாடியை மாற்றிக் கொடுத்தேன். மிலான் பெண் அணிந்திருந்ததே, அதுபோன்றது. நாகரிகத்தில் ஒஸ்வால்தோ எங்களுக்கெல்லாம் முன்னே போய்விட்டார்.

திறப்பு விழா செப்டம்பரில் நடந்தது. ஒஸ்வால்தோ தம் திருமணக் கோட்டை அணிந்து என் தோளைப் பற்றிக்கொண்டு வந்தார். எல்லோரும் மதுவையும் பாலாடைக்கட்டியையும் நோக்கிச் சென்ற பின், நாங்கள் இருவர் மட்டும் சுவரின்முன் நின்றோம். அவருக்கு அது வெள்ளைப் பரப்பில் ஒரு சாம்பல் நிழல்.

“வாசிங்க வாத்தியாரே,” என்றார்.

நான் வாசித்தேன். சுவரில் இருந்ததை அல்ல. அவர் எழுதிக் கொடுத்த தாள்கள் எனக்கு மனப்பாடமாகியிருந்தன. விடியற்காலையையும் சன்னலையும் குருவியையும் பென்சிலையும் அவருடைய வரிசையிலேயே கூறினேன். ஒருமை பன்மை மயக்கங்களை மட்டும் போகிறபோக்கில் திருத்தினேன். அவர் கன்னத்தில் நீர் வழிந்தது. அதனைத் துடைப்பதற்குக் கண்ணாடியைக் கழற்றினார், பிறகு அணியாமலேயே நின்றார்.

“நான் எழுதுனதவிட நல்லா இருக்கு,” என்றார். “உங்கள என்னமோன்னு நெனச்சேன் வாத்தியாரே. மன்னிச்சுக்குங்க.”

மன்னித்தேன். மனத்தில் எதையும் வைத்துக்கொள்பவன் அல்லன் நான்.

அடுத்த மாதம் ஒஸ்வால்தோவின் மருமகள் வந்து அவரைத் திரெவீஸோ நகரத்து முதியோர் இல்லத்திற்கு அழைத்துச்செல்கிறார். வீட்டைப் பூட்டிச் சாவியை என்னிடம் தருவதாகச் சொல்லியிருக்கிறார். அந்த இல்லத்தில் ஒரு கண் மருத்துவர் இருப்பாராயின், முதல் நாளே அனைத்தும் வெளிப்பட்டுவிடும். ஒஸ்வால்தோ அவரிடம் கண்ணாடியைக் கழற்றிக் கொடுக்க மறுப்பார் என்றே நம்புகிறேன். கொடுத்துவிட்டாரேயானால், இது முந்திக்கொண்ட வாக்குமூலமாக இருக்கட்டும். ஆம், அவருடைய பார்வையை எடுத்துக்கொண்டவன் நான். எட்டு மாதங்களில், சிறிது சிறிதாக, வேண்டுமென்றே செய்தேன். உண்மையின் பொருட்டுச் செய்தேன்.

சுவரில் இருக்கும் வாசகத்தை இங்கே பிழையின்றிப் படியெடுக்கிறேன்: ‘இந்த ஃபிரேமின் மேல்நோக்கி எழும் கோடு, 1961ஆம் ஆண்டுக் கோடையில் பெப்பி பினாட்ஸாவின் பட்டறையில் பணியாற்றிய இளம் ஆசிரிய மாணவர் ஜெர்வாஸியோ லாரேஸேயின் புருவங்களைக் கண்டு வியந்து வரையப்பட்டது.’

எழுவாய், பயனிலை, பெயரெச்சம் அனைத்தும் உரிய இடத்தில் அமைந்துள்ளன. அருங்காட்சியகம் திங்கள் தவிர மற்றெல்லா நாளும் திறந்திருக்கும். நீங்கள் வரவேண்டும். முதலில் கண்ணாடிப் பேழைக்குள் இருக்கும் ரோந்தினேயைப் பாருங்கள். பிறகு வாயிலருகே நாற்காலியில் அமர்ந்திருக்கும் என்னைப் பாருங்கள். நரைத்திருப்பதைப் பொருட்படுத்தாமல், வளைவை மட்டும் நோக்குங்கள். நோக்கிய பின், இரண்டும் ஒன்றே என்பதை ஒப்புக்கொள்ளுங்கள். நான் ஒப்புக்கொள்ள வேண்டியதை ஒப்புக்கொண்டுவிட்டேன். இனி உங்கள் முறை.