மஞ்சள் கொட்டிய எறும்புப் புற்று

செங்கத்திலிருந்து மலையேறும் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் திடீரென்று கேட்டாள்.

"அக்கா, எறும்புக்கு மருந்து வெச்சா சாமி குத்தமா?"

"இன்னாடி கேக்குற?"

"தோட்டத்துல எறும்புப் புத்துக்கா. கீரை வெதையெல்லாம் தூக்கிட்டுப் போவுது. ஓடிப் போவட்டும்னு மஞ்சத்தூள் கொட்னேன். அதப் பாத்து பக்கத்து வூட்டுக்காரி குங்குமம் வெச்சு, முட்டை ஒடைச்சு ஊத்திட்டா. இப்ப வெள்ளிக்கெழமையானா ஊரே வந்து சுத்துது."

"நெசத்த சொல்லேன்."

"சொல்லத்தான் இருந்தேன். பாப்பாவுக்கு காய்ச்சல் வந்திச்சு. பயத்துல நானும் வேண்டிக்கினேன். காலையில எறங்கிடுச்சு. இன்னாக்கா பண்றது?"

மடியிலிருந்த பையைத் திறந்து காட்டினாள். எட்டிப் பார்த்தேன். எறும்பு மருந்தும் இருந்தது, முட்டையும் இருந்தது.

வளைவில் பஸ் சாய்ந்தது. இருவர் கையும் முட்டைக்குத்தான் போனது.