ஜன்னலைத் திறந்து வைங்க

மார்ச் ஒன்பதாம் தேதி காலை, எங்கள் வானொலி நிலையத்தின் ஒலிபரப்பு அறையில் ஏசி நன்றாக வேலை செய்துகொண்டிருந்தது. வெளிக்காற்று உள்ளே வர வழியே இல்லை.

நிலைய மேலாளர் என்ற முறையில் சிலவற்றை விளக்கிவிடுகிறேன். விசாரணை அதிகாரிகளுக்கு இந்தத் தொழில் புரிவதில்லை. பாட்டு போடுவதுதான் எங்கள் பிழைப்பு என்று ஊர் நினைக்கிறது. பாட்டு, தூண்டிலில் மாட்டும் புழு. நாங்கள் விற்பது கேட்கிறவர்களை, வாங்குபவர் விளம்பரக்காரர். 'அன்பு நேயர்களே' என்று கொஞ்சம் குழைந்தால் போதும், மந்தை நின்ற இடத்தில் நிற்கும். அலைவரிசை அரசாங்கத்துடையது, உரிமம் மட்டும் எங்களிடம். ஆபத்து நேரத்தில் நிகழ்ச்சியை நிறுத்திவிட்டு எச்சரிக்க வேண்டும் என்று அதில் ஒரு நிபந்தனை உண்டு. எவ்வளவு நேரத்துக்குள் என்று போடவில்லை.

காலை நிகழ்ச்சி நடத்துபவளைக் குயிலு என்பார்கள். அந்த நிகழ்ச்சிக்குப் படியளந்தது ஆற்றோரத்து ரசாயனத் தொழிற்சாலை. தரை துடைக்கும் திரவம் தயாரிப்பவர்கள். பாட்டு ஓடும்போது, போனைக் கையால் பொத்திக்கொண்டு என் பக்கம் திரும்பினாள்.

"சார், ஃபேக்டரில வாயு கசியுதாம். தீயணைப்பு ஆபீசர் லைன்ல இருக்கார். எல்லாரையும் ஜன்னலைச் சாத்தச் சொல்லணுமாம்."

"யார் ஃபேக்டரின்னு தெரியுமில்ல?"

"தெரியும் சார். அதுக்குப் பின்தெருவுலதான் எங்கம்மா இருக்காங்க."

"அப்ப அம்மாவுக்குப் போன் போடு."

"எடுக்க மாட்டாங்க சார். என் ப்ரோகிராம் முடியற வரைக்கும் போனைத் தொடவே மாட்டாங்க."

மைக்கை நோக்கிக் கை நீட்டினாள். நான் மைக்கை ஆஃப் செய்தேன். அவள் விடுப்பு எடுக்கும் நாட்களுக்கென்று முன்கூட்டியே பேசிப் பதிவுசெய்த நிகழ்ச்சிகள் உண்டு. அவள் நேரில் பேசுவதாகவே மக்கள் நம்புவார்கள். அவ்வளவுதான் அவர்கள் புத்தி. ஒன்றை ஓடவிட்டேன். குயிலு செருப்புகூடப் போடாமல் ஓடினாள். வேலை நேரத்தில் இருக்கையை விட்டுப் போனது ஒழுங்கீனம்; அதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலையின் விளம்பர அதிகாரியிடம் பேசினேன். "சின்னக் கசிவுதான் சார், நீங்க பாட்டுக்கு எதையாவது கிளப்பி விட்டுடாதீங்க" என்றார். நாகரிகமான மனிதர். இரண்டாவது முறை தீயணைப்பு அதிகாரி கூப்பிட்டபோது நான் எடுக்கவில்லை.

பதிவில், ஒவ்வொரு பாட்டுக்குப் பின்னும் குயிலின் குரலில் தொழிற்சாலையின் வாசகம் வரும்: "ஜன்னலைத் திறந்து வைங்க, புதுக்காத்து வரட்டும்." அது அதில் இருக்கிறது என்பது எனக்குத் தெரியும். எழுதியவன் நான்தான். கேட்டவர்கள் திறப்பார்கள் என்பதும் தெரியும். அதைச் சொல்லித்தானே இத்தனை வருடமாக விற்றேன்.

நான் யாரையும் கொல்லவில்லை. ஒரு நிகழ்ச்சியைத் தடங்கலின்றி நடத்தினேன்.

இறந்தவர்களில் பெரும்பாலோர் வீட்டுக்குள் இருந்தவர்கள். குயிலின் அம்மா ஜன்னலோரம் கிடந்தார். பக்கத்தில் ரேடியோவில் மகள் பேசிக்கொண்டிருந்தாள். அன்று காலை விளம்பரம் ஒன்றுகூட விடுபடவில்லை.