மிதவைக்குக் கட்டிய கல்

அந்தி மயங்கி ஆறரை மணி. யட்டியாந்தோட்டைக்கு மேலே, மூடிக்கிடக்கும் றப்பர் பெக்டரிக்குப் போகிற பாதை. மழை விட்டிருந்தது... இலைகள் சொட்டுகிற சத்தம் மட்டும். கிட்ட வந்து உட்காருங்கள், இதை நான் உரக்கச் சொல்ல மாட்டேன். நடந்தது என் சிநேகிதி தர்மிளாவின் பெரியம்மா மகள் தனுஜாவுக்கு.

தனுஜா இஞ்சினியர். கடல் அலை தூக்கித் தூக்கிப் போட, அந்த ஆட்டத்திலேயே கரண்ட் எடுக்கிற மிதவைகளை வடிவமைப்பது அவள் வேலை. மறுநாள் கொழும்பிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். பெக்டரிக் குளத்தில் விட்ட சின்ன மிதவையோ குடிகாரனைப் போல ஒரு பக்கமாகச் சாய்ந்தே கிடந்தது. அடியில் பாரம் போதாது. பாரம் இல்லாத மிதவை நிமிராது... இதை மட்டும் மறந்துவிடாதீர்கள்.

குளக்கரையில் ஒரு கல் இருந்தது. றப்பர் மரத்தில் பால்வெட்டுகிறவர்கள் தினமும் முதல் சிரட்டைப் பாலை அதன் தலையில்தான் ஊற்றுவார்கள். ஊற்றி ஊற்றி, மேலெல்லாம் றப்பர் தோல். புளித்த நாற்றம். தனுஜா தூக்கிப் பார்த்தாள். கச்சிதமான கனம்.

"அக்கா, அது மூக்காயி மகளுக்கு வச்ச கல்லு. இந்தக் கொளத்துல செத்துச்சே, அந்தப் புள்ள," என்றான் தம்பி சதீஸ்.

"செத்தவளுக்குக் கல்லு எதுக்குடா? கயித்தப் புடி."

பாதையில் விறகுக் கட்டோடு மூக்காயி நின்றிருந்தாள். தடுக்கவில்லை. காறித் துப்பினாள்.

"கொண்டு போ. இம்புட்டு நாளும் அவ தனியாத்தான் கெடந்தா."

கல்லைக் கட்டியதும் மிதவை விறைப்பாக நிமிர்ந்தது. குளத்தில் அலை எழுப்பவென்று வைத்திருந்த பலகையைச் சதீஸ் இன்னும் தொடவேயில்லை... மிதவையிலிருந்து வயர் இழுத்துக் கரையில் வைத்த பல்ப் எரிந்தது. அணைந்தது. எரிந்தது. காற்று இல்லை. தண்ணீரில் ஒரு சுருக்கம் இல்லை. மிதவை மட்டும் மூச்சுக்குத் தவிக்கிறவளைப் போல ஏறி இறங்கியது.

தனுஜா ஓரடி பின்வாங்கினாள். ஆனாலும் நாளைய நினைப்பு விடவில்லை.

"கயிறு எங்கயோ சிக்கியிருக்கு. எறங்கிப் பாருடா."

சதீஸ் இறங்கினான். இடுப்பளவு... நெஞ்சளவு...

"அக்கா, யாரோ கால..."

ப்ளக்.

பல்ப் கண் கூச எரிந்து வெடித்தது.

ராத்திரி முழுக்க தோட்டத்து லய வீடுகளின் ஆண்கள் எல்லாரும் டோர்ச் அடித்துத் தேடினார்கள். சதீஸ் கிடைக்கவில்லை. மிதவையையும் காணோம். தனுஜா கத்திக் கத்தித் தொண்டை அடைத்துக் கரையில் கிடந்தாள். விடிந்ததும் பார்த்தால்... கல் பழைய இடத்தில் இருந்தது. அறுந்த கயிறு ஈரமாகச் சுற்றியிருக்க, தலையில் புதுப் பால் வழிந்துகொண்டிருந்தது.

மெல்லக் குளத்துப் பக்கம் திரும்பினாள்.

நடுக்குளத்தில் மிதவை நிமிர்ந்து நின்றது.