கயிற்றின் மறுமுனை

ஒரு சின்னக் கதை சொல்லட்டுமா? கடைசி பெஞ்சு தம்பிகளா, செல்போனை உள்ள வைங்க... இது உயிர் போற கதை.

தூத்துக்குடி பக்கம் கஸ்பார்னு ஒருத்தன். கடலுக்கு அடியில போய் சங்கு எடுக்கிறது தொழில். படகுல காத்து மிஷின் ஓடும். அதுல இருந்து ஒரு ட்யூப் இவன் வாய்க்கு வரும். இடுப்புல ஈயக்கட்டி, கூடவே ஒரு கயிறு. ஈயம் எதுக்கு? அடியில நிக்க. கயிறு எதுக்கு? திரும்பி வர! கீழ இருந்து ஒரு சுண்டு சுண்டினா மேல இருக்கவன் தூக்கிடணும். அந்தக் கயித்தை யாரை நம்பிக் குடுப்பான்? பொண்டாட்டி கூடப்பிறந்தவனை நம்பித்தான்! அங்க அதான் வழக்கம். ஏன்? அக்கா தாலியை அவன் அறுக்க மாட்டான்ல!

கஸ்பாருக்கு மச்சினன் தொபியாஸ். பத்து வருஷமா அவன்தான் கயிறு பிடிக்கிறான். ஆனா அன்னிக்கு வியாழக்கிழமை... முந்தின நாள் இந்த மகராசன் கஸ்பார் பொண்டாட்டியை அறைஞ்சிருக்கான். எதுக்கு? குழம்புல உப்பு கம்மியாம்! காலையில தொபியாஸ் வந்தான். அக்காவோட வீங்கின கன்னத்தைப் பார்த்தான். நேரா படகுல போய் ஏறினான். படகுல ரெண்டே பேரு.

திட்டியிருந்தாலும் பரவால்ல. பேசாம இருந்தான் பாருங்க, அதான் கஸ்பாருக்குச் சந்தேகத்தைக் கிளப்பிடுச்சு.

எட்டுப் பாகம், கிட்டத்தட்ட அம்பது அடி ஆழம். கீழ போனதும் நினைப்பு... "பிடிச்சிருக்கானா, விட்டுட்டானா?" கேக்க முடியுமா? சுண்டிப் பார்த்தான். தொபியாஸ் சர்ருன்னு மேல தூக்கிட்டான்!

"என்ன அத்தான், முடியலையா?"

"ஒண்ணுமில்ல மாப்ள..."

திரும்ப இறங்கினான். திரும்ப சுண்டினான். திரும்பத் தூக்கினான். நாலு தடவை! கையில ஒரு சங்கு கிடையாது.

அஞ்சாவது தடவை வெக்கப்பட்டுக்கிட்டு சுண்டல. சங்கைத் தேடினான். திடீர்னு... கயிறு தொய்ஞ்சு வந்து தோள்ல விழுது. நீரோட்டம் மாறி படகு தலைக்கு நேரா வந்துடுச்சு, அவ்வளவுதான். இவனுக்குத் தெரியுமா? "விட்டுட்டான்!" அடுத்த நிமிஷம் ட்யூப்ல காத்து நின்னுபோச்சு. மிஷின் மக்கர் பண்ணிடுச்சு. இவன் என்ன நினைப்பான்? "படுபாவி, மிஷினையே நிறுத்திட்டான்!"

நெஞ்சு அடைக்குது. கண்ணு இருட்டுது. விட்டுட்டவன் கயிறு எதுக்குன்னு இடுப்பு முடிச்சை அவுக்கிறான்! உயிரோட முடிச்சை அவனே அவுக்கிறான்யா! ஒரு சுத்து அவுந்துது... ரெண்டாவது சுத்துல விரல் நுழையுது...

மேல இருந்து விழுந்தது ஒரு இழுப்பு! இவன் சுண்டவே இல்ல. பாதி அவுந்த முடிச்சு அந்த இழுப்புலயே இறுகிப்போச்சு.

படகுல கிடந்து இருமுறான். கண்ணைத் திறந்து பார்க்கிறான்... கயித்தோட மறுமுனை தொபியாஸ் இடுப்புல கட்டியிருக்கு. சட்டை கிழிஞ்சு, இடுப்புத் தோல் உரிஞ்சு, ரத்தம்.

"மாப்ள... இன்னிக்கா இப்படிக் கட்டுன?"

"பத்து வருஷமா இப்படித்தான் அத்தான். கை வழுக்கினாலும் நீங்க போயிரக் கூடாதுல்லா?"

"நேத்து நான் ஒங்க அக்காவை..."

"அதைக் கரையில வச்சு கேப்பேன். நல்லாவே கேப்பேன்! அதுக்காகக் கயித்தை விடுவனா?"

கஸ்பார் ஓன்னு அழுதுட்டான்.

இப்ப உங்ககிட்ட வர்றேன். போன வருஷ ஜெபக் கூட்டத்துல "இன்னிக்கு ரட்சிக்கப்பட்டேன்"னு கை தூக்கினீங்க. அதுக்கு முந்தின வருஷமும் தூக்கினீங்க. சிரிக்காதீங்க, நானே ஏழு தடவை தூக்கினவன்! ஒவ்வொரு தடவை விழுந்ததும், "இயேசு இன்னும் என்னைப் பிடிச்சிருக்காரா?"ன்னு சுண்டிப் பார்க்கிறோம். ஜெபம் வறண்டு போச்சா... "விட்டுட்டார்." வீட்டுல வியாதியா... "நிச்சயமா விட்டுட்டார்." முடிச்சை அவுக்கிறது யாரு? நாமதானே!

உங்க ரட்சிப்பு உங்க கைப்பிடியில இல்ல. சிலுவையில அவர் தன்னையே உங்களோட சேர்த்துக் கட்டிக்கிட்டார். ரத்தம் வந்தது உங்களுக்கு இல்ல, அவருக்கு.

"அப்ப என்ன வேணா செய்யலாமா பிரதர்?"ன்னு ஒருத்தர் முகத்துல கேள்வி தெரியுது. கஸ்பார் கரைக்கு வந்ததும் ஈரத்துணியோட நேரா வீட்டுக்குப் போனான். பொண்டாட்டி முன்னாடி நின்னு, "தப்பு என்னுது"ன்னான். அதுக்கப்புறம் அந்தக் கை ஓங்கினதே இல்ல. விட மாட்டார்னு தெரிஞ்சவனுக்குத்தான் தப்பை ஒத்துக்க தைரியம் வரும்.

அதனால இன்னிக்கு நான் யாரையும் கை தூக்கச் சொல்ல மாட்டேன். அவர் பிடிச்சிருக்கார், வீட்டுக்குப் போங்க. நீங்க அறைஞ்ச கன்னம் ஒண்ணு அங்க காத்துக்கிட்டிருக்கும்... முதல்ல அதைப் போய்ப் பாருங்க.