மேரோ தீவைச் சாப்பிட்டவன்

மேரோ தீவைச் சாப்பிட்டது நான்தான். அதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். மற்றவை அதன்பிறகு சுலபமாக வரும்.

லண்டனில், மிச்சம் என்ற பகுதியில், எங்கள் வீட்டுக் குசினி மேசையில் றஜீவன் அண்ணை முறுக்கை உடைத்து வைத்து எனக்குத் தன் பயணத்தை விளங்கப்படுத்திக்கொண்டிருந்தார். பெரிய துண்டு கிரனடா. அதற்கு வடக்கே கரியாக்கு, பிறகு யூனியன், நகத்தளவில் மேரோ, கடைசியில் பெக்வே. கரீபியன் கடலில் வாடகைக்கு எடுத்த ஒரு சின்னப் பாய்மரப் படகு, அதில் தனி ஆளாக அவர். பகலில் ஓடி, இரவில் ஏதாவது ஒரு தீவடியில் நங்கூரம் போட்டு, இரண்டு கிழமைப் பயணம். அவர் தேத்தண்ணி எடுக்கத் திரும்பியபோது மேரோவை எடுத்து வாயில் போட்டேன். பசித்தது, அவ்வளவுதான்.

"எங்கையடா மேரோ?"

"கடல்மட்டம் கூடிப்போச்சு அண்ணை."

"இதிலை சிரிக்க என்ன கிடக்கு?"

இந்தக் கேள்வியை நீங்கள் குறித்துக்கொள்ளலாம். கல்லூரிப் பத்திரிகையில் நான் மாதம்தோறும் ஒரு நையாண்டிப் பத்தி எழுதுகிறேன். அண்ணை ஒவ்வொன்றையும் கடைசி வரி வரைக்கும் வாசிப்பார். வாசித்துவிட்டு இதையே கேட்பார். கோபத்தில் இல்லை. அவர் கட்டட எஞ்சினியர். ஒரு சுவர் ஏன் நிற்கவில்லை என்று விசாரிப்பதுபோல உண்மையான அக்கறையோடு கேட்பார். எனக்கு அதில் மனவருத்தம் ஏதும் இல்லை.

அவர் வேறொரு துண்டை உடைத்து மேரோவின் இடத்தில் வைத்தார். "அங்கை காத்து எப்பவும் கிழக்கிலை இருந்துதான். பாய்மரம் முறிஞ்சா படகு மேற்காலை இழுபடும். மேற்கை தரை எண்டு ஒண்டும் இல்லை, நிக்கராகுவா வரைக்கும் தண்ணிதான். அதுக்குத்தான் நீ இருக்கிறாய்."

தனியாக ஓடுகிறவர்கள் கரையில் ஓர் ஆளை நியமித்துவிட்டுப் போவார்கள். அண்ணைக்குக் கரை ஆள் நான். பின்னேரம் நங்கூரம் போட்டதும் எனக்கு ஒரு மெசேஜ் வரும். வராவிட்டாலோ, ஆபத்து என்று வந்தாலோ, கோஸ்ட்கார்டுக்கு, அதாவது கடலோரக் காவல்படைக்கு, நான் போன் அடிக்க வேண்டும். தீவுகளுக்கு நடுவில் சிக்னல் அரைகுறையாம். போன் கோல் எடுபடாத இடத்திலும் மெசேஜ் சில நேரம் போய்ச் சேருமாம். கோஸ்ட்கார்டின் எண்ணைத் தன் கையாலேயே என் போனில் ஏற்றினார். நான் தேடிக்கொண்டு நிற்கக்கூடாதென்று பெயருக்கு முன்னால் ஓர் 'அ' போட்டு, பட்டியலின் உச்சியில் வரச் செய்தார். அவ்வளவு கவனமான மனிதர்.

எனக்கு இன்னொரு வேலையும் இருந்தது. அம்மா தன் தம்பியை யாழ்ப்பாணத்துக் கிளாலிக் கடலில் இழந்தவர். பிரைட்டன் கடற்கரைக்குக் கூட்டிப் போனாலும் கடலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் ஐஸ்கிரீம் சாப்பிடுவார். மூத்த மகன் படகில் போகிறான் என்று அவருக்குச் சொல்ல முடியாது. ஆகவே அண்ணை ஸ்கொட்லாந்தில், அபர்டீனில், ஓஃபிஸ் பயிற்சியில் இருப்பதாக ஏற்பாடு. அவருடைய வாட்ஸ்அப்பை என் லாப்டாப்பில் இணைத்துத் தந்தார். குடும்பக் குழுவில் அவர் பெயரில் நாளுக்கு ஒரு வரி போட வேண்டும். "சுகமா இருக்கிறன், சாப்பிட்டன். இவ்வளவும் காணும்," என்றார்.

இரண்டு நாள் அப்படியே போட்டேன். மூன்றாம் நாள், சாப்பிட்டன் என்பதோடு என்ன சாப்பிட்டார் என்பதையும் சேர்த்தேன். ஸ்கொட்லாந்துக்காரர் ஓட்ஸ் கஞ்சிக்கு உப்புப் போடுவதைப் பார்த்து, எங்கள் கோயிலில் கஞ்சி காய்ச்சிக்கொண்டிருந்து தொலைந்துபோன யாரோ ஒருவர்தான் அங்கே சமைக்கிறார் என்று அண்ணை சந்தேகப்பட்டார். நாலாம் நாள் அவருடைய மனேஜரின் குறட்டை சுவரைத் துளைத்துக்கொண்டு வந்தது.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. அப்டன் பார்க்கில் கடை வைத்திருக்கும் கிருஷ்ணராசா மாமா வரிசையில் நின்ற சனத்துக்கு வாசித்துக் காட்டி, சிரிப்பையும் சேர்த்து வொய்ஸ் மெசேஜாக அனுப்பினார். அம்மா ட்ராமில் பக்கத்துக் கதிரைக்காரிக்கு மொழிபெயர்த்தார். "இவனுக்குள்ளை இவ்வளவு பகிடி கிடந்திருக்கு, எனக்கே தெரியாமப் போச்சு," என்று கண்ணைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "நீயும்தான் எழுதுறாய் தம்பி. கொண்ணனிட்டைக் கொஞ்சம் பழகன்."

பழகுகிறேன் என்றேன்.

கரியாக்குவில் ஒரு தேநீர்க் கடையில் வைஃபை கிடைத்தபோது அண்ணை எல்லாவற்றையும் வாசித்திருக்கிறார். எனக்கு எழுதினார்: "என்ன கோதாரியடா இது. சாதாரணமா எழுது. இதிலை சிரிக்க என்ன கிடக்கு? வந்த உடனை அம்மாவுக்கு உண்மையைச் சொல்லப்போறன். எழுதினது நீ எண்டும் சொல்லுவன்."

யோசித்துப் பாருங்கள். நான் எழுதியது என்று தெரிந்த பிறகு அதே வரிகளை அம்மா இன்னொரு தடவை வாசிப்பார். அப்போது சிரிப்பாரா? அது ஒரு நியாயமான கேள்வி. அதற்கு விடை தெரியவரும் நாளை நான் விரும்பவில்லை. ஆசைகூட இல்லை அது, ஒருவகையான தயக்கம்.

மாமாவின் மகள் மிதுஷாவின் எழுத்து, அதாவது கல்யாணப் பதிவு, அந்த ஞாயிற்றுக்கிழமை மிச்சம் பகுதியிலேயே ஒரு மண்டபத்தில் நடந்தது. நிகழ்ச்சித் தொகுப்பாளர் நான். கடைசி நேரத்தில் மாமா வந்து தோளில் கை போட்டார். "உன்ரை அறுவையைக் குறைச்சுப்போட்டு றஜீவன்ரை வாழ்த்தை வாசி. அதுக்குத்தான் சனம் பாத்துக்கொண்டிருக்கு."

வாழ்த்து என் பொக்கெற்றில் இருந்தது. முதல் நாளே எழுதிவிட்டேன்.

மேடையேறி மைக்கைக் கையில் வாங்கும்போது போன் அதிர்ந்தது. எடுத்துப் பார்த்தேன். வாசித்தேன். திரும்பப் பொக்கெற்றில் வைத்தேன். கரீபியனில் அப்போது காலை. முன்வரிசையில் அம்மா கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்க ஆயத்தமாக இருந்தார். நான் பேசத் தொடங்குவதற்கு முன்பே ஒருவர் சிரிக்க ஆயத்தமாக இருப்பதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வாசித்தேன். வாழ்த்தில் மாப்பிள்ளை தர்சிகனை அபர்டீன் காலநிலையோடு ஒப்பிட்ட இடத்தில் மண்டபமே குலுங்கியது. "இன்னொருக்கா வாசியடா," என்று மாமா கத்தினார். இன்னொருக்கா வாசித்தேன். மேடையிலிருந்து வாசல் இருபது அடிதான். வெளியே போய் ஒரு கோல் எடுத்துவிட்டு வந்திருக்கலாம், உண்மைதான். ஆனால் மைக்கை யாரிடம் கொடுப்பது?

சாப்பாட்டு மேசையில் அம்மா தன் போனை எடுத்தார். "அவனுக்கு ஒரு கோல் அடிச்சு எல்லாரும் சிரிச்சதைச் சொல்லுவம்."

அவர் அடித்தார். நான் லாப்டாப்பைப் பாட்டுப் போடுவதற்காகத் திறந்து வைத்திருந்தேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. அம்மாவின் முகத்தில் ஏதோ மாறத் தொடங்கியது. "ஏன் எடுக்கிறான் இல்லை? என்ரை பிள்ளை எடுக்காமல் விடமாட்டான்."

லாப்டாப்பில் அண்ணையாக எழுதினேன்: "மீட்டிங்கில இருக்கிறன் அம்மா."

"ஞாயிற்றுக்கிழமையிலை என்ன மீட்டிங்?" என்று வாசித்தபடியே அம்மா கேட்டார். மேசையில் எல்லாரும் பார்த்தார்கள்.

"ஸ்கொட்லாந்துக்கு ஞாயிறு பிந்தித்தான் வரும் அம்மா. வடக்கெல்லே."

மேசை வெடித்தது. அம்மா புரைக்கேறும்வரை சிரித்தார். அவருக்குத் தண்ணீர் கொடுத்தது நான். அந்த நேரத்தில் என் போன் இரண்டாவது தடவை அதிர்ந்தது. அதையும் பார்த்தேன்.

திங்கட்கிழமை அண்ணை அபர்டீன் பஸ் பற்றி எழுதினார். செவ்வாய், நனைந்த செம்மறியாடு. என் கணிப்பில் அவர் எழுதியவற்றிலேயே அதுதான் சிறந்தது. புதன்கிழமை படகுக் கம்பனியிலிருந்து ஒரு பெண், படகைத் திருப்பித் தரும் நாள் கடந்துவிட்டதே என்று மிகவும் மரியாதையாகக் கேட்டார். இரண்டு நாள் பிந்துவார் என்று நானும் மரியாதையாகச் சொன்னேன். படகை மீனவர்கள் கண்டது அதற்குப் பிறகு. மேற்கே, வெகு தூரத்தில், கவிழ்ந்த நிலையில் கிடந்ததாகப் பொலிஸ்காரர் நீங்கள்தான் எனக்குச் சொன்னீர்கள். அதில் ஆள் இல்லை என்பதையும்.

அம்மாவுக்கு நீங்கள் சொன்னபோது நானும் பக்கத்தில் இருந்தேன். அவர் உங்களை நம்பவில்லை. செவ்வாய்க்கிழமைகூட எழுதினவனே என்று செம்மறியாட்டைத் திறந்து உங்கள் முன்னால் நீட்டினார். நீங்கள் அதை வாசித்தீர்கள். உங்கள் வாய் ஓரத்தில் சின்ன அசைவு வந்தது, உடனே மறைத்துக்கொண்டீர்கள். நான் கவனித்தேன். நன்றி.

ஆபத்து என்று ஏதாவது மெசேஜ் வந்ததா என்று திரும்பத் திரும்பக் கேட்கிறீர்கள். இல்லை என்று இதுவரை சொன்னேன். என் போனைத் திறந்து வாசிக்க உங்களுக்கு எப்படியும் முடியும், அதனால் நானே சொல்லிவிடுகிறேன். மேடையில் வந்தது இது:

"யனு, பாய்மரம் முறிஞ்சுபோச்சு. மேரோவுக்கு மேற்கை இழுபடுறன். தண்ணி உள்ளை வருது. றேடியோ இல்லை, கோல் போகுதில்லை. கோஸ்ட்கார்டுக்கு அடி. கெதியா. அம்மாவுக்குச் சொல்லாதை."

அம்மாவுக்குச் சொல்லாதை என்ற வரியை எழுத்துப் பிசகாமல் கடைப்பிடித்தேன். மற்றபடி, மைக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டு தரம் வாசித்துப் பார்த்தேன். அதில் சிரிக்க ஒன்றும் கிடக்கவில்லை.

இரண்டாவது, அம்மாவுக்குத் தண்ணீர் கொடுத்தபோது வந்தது. "கிடைச்சதோ? சொல்லிப்போட்டியோ? போன் சாகப்போகுது. இல்லையெண்டா மிச்சச் சார்ஜிலை வேறை ஆருக்காவது அனுப்பிப் பாக்கிறன்."

ஒருவரை அப்படிக் காத்திருக்க வைப்பது மரியாதை இல்லை. சொல்லிவிட்டதாக உடனே பதில் போட்டேன். "ஓம்."

அதன்பிறகு அவர் யாருக்கும் எதுவும் அனுப்பவில்லை. நான் எழுதியவற்றில் அண்ணை ஒரு கேள்வியும் கேட்காமல் ஏற்றுக்கொண்டது அந்த ஒரு சொல்லைத்தான்.