ஒரு பேரீச்சம்பழம் தின்னும் நேரம்

இந்த அவைக்குத் தலைமை தாங்கி, மின்விசிறிக்கு நேர் கீழே இடம் பிடித்துவிட்ட அடுக்குமாடித் தலைவர் பூன் ஹெங் அவர்களே! பேருந்து அலுவலகத்திலிருந்து காரில் வந்து இறங்கியிருக்கும் அதிகாரி ஷுக்ரி அவர்களே! பெரியோர்களே! அடுப்பை அணைத்தோமா இல்லையா என்ற கவலையோடு அமர்ந்திருக்கும் தாய்மார்களே! புக்கிட் செராய்ப் பெருமக்களே! குடியிருப்போர் சங்கச் செயலாளன் தனபாலனின் வணக்கம்.

நமக்கு ரயில் வந்தது. தூண் நட்டு, தூண்மேல் பாதை போட்டு, துள்ளிக்கொண்டு வந்தது. குறை சொல்ல முடியுமா? முடியாது. நிலையத்திலிருந்து நம் மேட்டுக்குப் பேருந்து வந்தது. குளுகுளு பேருந்து! அதிலும் குறை இல்லை. ஆனால், ஒரே பந்தலில் முறைத்துக்கொண்டு நிற்கும் சம்பந்திகளைப் போல, ரயில் நுழையும்போதுதானே பேருந்து கிளம்புகிறது? இறங்கி ஓடிவரும் நாம் காண்பது எதை? பேருந்தின் முதுகை!

யாரங்கே சிரிப்பது? மணியம் அண்ணனா? நேற்று கையை ஆட்டிக்கொண்டே பின்னால் ஓடியது நீங்கள்தானே!

இந்தப் பேருந்துக்கு, நேரம் தவறாமல் புறப்படுகிறது என்று பாராட்டுப் பலகை வேறு கொடுத்தார்கள். ஏற ஆளே இல்லாமல் புறப்பட்டால் நேரம் எப்படித் தவறும்? இப்போது அதே பேருந்து அலுவலகம் சொல்கிறது: "காலியா ஓடுற பஸ். அடுத்த மாசத்தோட நிறுத்திடுவோம்."

அதோ, கடைசி வரிசையில் கைக்குழந்தையோடு நிற்கிறார் ரொஹாயு. மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. குழந்தையைப் பார்த்துக்கொள்ளும் சோக் லான், இருட்டினால் இரவுச் சந்தைக் கடைக்குப் போயாக வேண்டும். போன வாரம் சொல்லிவிட்டார்: "இந்தா பாரு ரொஹாயு, பிள்ள மேல எனக்குக் கொள்ளப் பிரியம். ஆனா இன்னொரு தடவ லேட்டா வந்தே, வேற ஆளப் பாத்துக்கோ." பேருந்து அடியோடு நின்றால் ரொஹாயுவின் வேலையும் நின்றுவிடும். அந்தச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் உலை கொதிக்கிறது. எனக்கு வயிறு எரிகிறது ஐயா!

ஓட்டுநர் அஸ்ஹரிடமே கேட்டேன். "கொஞ்சம் நின்னா என்ன தம்பி?"

"நின்னா ஆபீஸ்ல சிவப்பு லைட்டு எரியும் அண்ணே. கூப்ட்டு வெச்சு வாங்கு வாங்குன்னு வாங்குவாங்க."

ஆனால், நோன்பு மாதத்தில் நடந்தது என்ன? நோன்பு திறக்கும் வேளையில் மட்டும் ஓட்டுநர் நிற்கலாம் என்று அலுவலகமே அனுமதித்தது. பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. அஸ்ஹர் ஒரு பேரீச்சம்பழத்தை வாயில் போட்டார், ஒரு வாய் தண்ணீர் குடித்தார். அதற்குள் ரயில் வந்தது, மக்கள் இறங்கினார்கள், பேருந்து நிறைந்தது! மலாய்க்காரர், சீனர், தமிழர் எல்லாரும் ஏறினார்கள். அந்த மாதம் முழுக்க ரொஹாயு இருட்டுவதற்குள் வீடு சேர்ந்தார். பெருநாள் முடிந்தது, பேருந்து மறுபடி காலியானது!

அதிகாரி அவர்களே, இந்தாருங்கள் ஒரு பேரீச்சம்பழம். கூச்சப்படாமல் தின்னுங்கள். ரொஹாயு, நீங்கள் அங்கிருந்து மேடைக்கு நடந்து வாருங்கள். ஓட வேண்டாம், நடந்தே வாருங்கள். வழி விடுங்கள் தாய்மார்களே! ஐயா, பேசாதீர்கள், மெல்லுங்கள். சபை காத்திருக்கிறது.

வந்துவிட்டார்! குழந்தையும் வந்துவிட்டது! அதிகாரி இன்னும் கொட்டையைக்கூடத் துப்பவில்லை!

இவ்வளவுதான் ஐயா நாங்கள் கேட்பது. புதிய பாதை கேட்டோமா? புதிய பேருந்து கேட்டோமா? ஒரு மாதம் கொடுத்ததை ஆண்டு முழுவதும் கொடுங்கள். ரயில் வரும்வரை பேருந்து நிற்கட்டும், அந்தச் சிவப்பு விளக்கு கொஞ்சம் உறங்கட்டும்!

அதிகாரி என்ன சொல்கிறார்? ஒலிவாங்கியை அவரிடம் கொடுங்கள். "நாளையிலேர்ந்து நிக்கச் சொல்றேன். நெறயுதான்னு பாப்போம்." கேட்டீர்களா மக்களே? நிறைத்துக் காட்டுவோமா? கை தட்டினால் போதாது மணியம் அண்ணே, மோட்டார் சைக்கிளை வீட்டில் வைத்துவிட்டு ஏறணும்!

அடடா, அதிகாரி இரண்டாவது பழத்துக்குக் கை நீட்டுகிறார். வேண்டாம் ஐயா, எங்களுக்கு ஒன்று போதும். பொறுத்திருந்து கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி. நாளை மாலை பேருந்துக்குள் சந்திப்போம். வணக்கம்!